சிவப்புக் கோடு ஒரு வயல் தள்ளிப் போனது

மேலக்காடு,
மன்னார்குடி வழி.
ஜூன் 4

அன்பு மகள் சுடர்விழிக்கு,

அம்மாவும் அப்பாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், தோஹா வெயிலில் நைட் டியூட்டி பார்க்கும் நீயும் அப்படியே இருக்க வேண்டும். நிலோஃபர் அக்கா மகன் பாசித் வெள்ளிக்கிழமை அங்கே புறப்படுகிறான், அவன் கையில் பருப்புப் பொடியும் இந்தக் கடிதமும் கொடுத்துவிடுகிறேன். போன வாரம் போனில் ஏம்மா குரல் ஒரு மாதிரி இருக்கு என்று கேட்டாயே, அன்றைக்கு வாய் திறந்தால் அழுதிருப்பேன். இப்போது எல்லாம் சரியாகிவிட்டது, நிதானமாகச் சொல்கிறேன்.

ரோடு போட்டவர்கள் கொட்டிய மண்ணால் நம் வாய்க்கால் அடைபட்டு, போன வருஷம் குறுவை நாற்று கருகியது உனக்குத் தெரியும். இந்த வருஷம் தண்ணீர் திறப்பதற்குள் தூர்வாரும் பட்டியலில் நம் வாய்க்காலையும் சேர்க்க வேண்டுமானால், படங்களோடு விண்ணப்பம் தயாரித்து பிடிஎஃப் ஆக அனுப்ப வேண்டும், அதில் வாய்க்கால் பாசனக்காரர்கள் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும் என்று பாசன ஆபீஸில் சொன்னார்கள். டிகிரி படித்தவள் என்று அந்த வேலை என்னிடம் வந்தது, எனக்கும் உள்ளூர ஆசைதான். வேர்டில் ஒரு பக்கம் விடாமல் போட்டோ வைத்தேன். வயல் எல்லைகளைக் காட்டும் புலப்படத்தை போனில் படம் எடுத்து ஒட்டி, அடைப்பு இருக்கும் இடத்தில் அதன்மேல் ஒரு சிவப்புக் கோடு இழுத்தேன். பார்க்க அவ்வளவு லட்சணமாக இருந்தது. ஆனால் பிடிஎஃப் ஆக மாற்றும்போதெல்லாம் நம் லேப்டாப் அப்படியே நின்றுவிட்டது, போட்டோக்கள் அத்தனை கனம். சரி என்று பென்டிரைவில் போட்டு மன்னார்குடியில் ஒரு கடையில் மாற்றி வாங்கினேன். முதல் பக்கம் நன்றாக இருந்தது, மீதியைப் பார்க்காமல் பஸ்ஸில் உட்கார்ந்தபடியே ஊர் வாட்ஸப் குழுவில் போட்டுவிட்டேன்.

வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் உன் வைரக்கண்ணு பெரியப்பா வாசலில் நிற்கிறார். என் எழுத்துரு அந்தக் கடைக் கம்ப்யூட்டரில் இல்லாததால் வேறு எழுத்து வந்திருக்கிறது, அது கொஞ்சம் அகலம், வரிகள் நீண்டு புலப்படம் கீழே இறங்கிவிட்டது. சிவப்புக் கோடு மட்டும் இருந்த இடத்திலேயே நின்று பெரியப்பா வயலுக்கு நடுவில் கிடக்கிறது. அடைச்சது வைரக்கண்ணுதானா, சொல்லவே இல்லையே என்று அதற்குள் குழுவில் யாரோ சிரிப்புப் பொம்மை போட்டாயிற்று. வரப்புத் தகராறு தீர்ந்து இப்பத்தான் உங்க வீட்டுல காப்பி குடிக்கிறேன், அதுக்குள்ள வாய்க்காலத் தூர்த்தவன்னு ஒரு பேரா மலரு, நான் கையெழுத்துப் போட மாட்டேன், ஆட்சேபணை எழுதிக் கொடுக்கப் போறேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார். அப்பா வேறு, கவர்மென்டால முடியாதத உங்கம்மா ஒரே நாள்ல முடிச்சா, ஆத்தையே திருப்பிட்டா என்று சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் கண்ணில் சரியாகத் தெரிந்தது ஊர்க் கண்ணிலும் அப்படியே தெரியும் என்று எப்படி நினைத்தேனோ தெரியவில்லை. நாற்று போனால் அடுத்த வருஷம் விடலாம், அவர் மறுபடி முகம் திருப்பிக்கொண்டால் என்ன செய்வது என்பதுதான் என் கவலை.

உன் போன் டியூட்டி நேரத்தில் கிடைக்காது, நானே உட்கார்ந்தேன். புலப்படத்தையும் கோட்டையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து ஒன்றாகக் கட்டிப்போட்டேன், ஒன்று நகர்ந்தால் மற்றதும் கூடவே போகும். மிதந்துகொண்டிருந்த போட்டோக்களை எல்லாம் எழுத்து மாதிரி வரிக்குள் உட்கார வைத்தேன். பிறகு போட்டோக்களின் கனத்தைக் குறைத்தேன், முதல் தடவை அதிகமாகக் குறைத்ததில் மண்மேடு வைக்கோல்போர் மாதிரி மங்கிவிட்டது, திரும்பவும் போட்டு நடுத்தரமாக வைத்தேன். நம் லேப்டாப்பிலேயே பிடிஎஃப் வந்துவிட்டது. என் போனில் ஒரு தடவை, அப்பா போனில் ஒரு தடவை ஒவ்வொரு பக்கமாகத் தள்ளிப் பார்த்தேன், கோடு அசையவில்லை.

குழுவில் போடாமல் நேரே பெரியப்பா வீட்டுக்குப் போனேன். தப்பு என்னுது, முதல்ல நீங்க பார்த்துச் சொல்லுங்க மாமா, அப்புறம்தான் மத்தவங்களுக்கு என்றேன். அவர் கண்ணாடியைப் போட்டு, போனில் படத்தைப் பெரிதாக்கி, இது உங்க வயல் தாக்கு, இது என்னுது, இது மதகு என்று ஒவ்வொன்றாக விரலை வைத்துக்கொண்டே வந்தார். கோட்டுக்கு வந்ததும் நின்றார். நெசமாவே வாய்க்கால் என் வயலு நடுவுல ஓடுனா நான் ஏன் உன்கிட்ட சண்டைக்கு வரப்போறேன், தண்ணி தானா பாயும், கால நீட்டிப் படுத்திருப்பேன் என்றார். நான் சிரித்த பிறகுதான் அவர் சிரித்தார். முதல் கையெழுத்து அவருடையது. அதன் பிறகு குழுவில் அவரே, தப்பு கம்ப்யூட்டருது, வாய மூடுங்கடா என்று குரலில் பேசிப் போட்டார். மற்றவர்களும் கையெழுத்துப் போட, அன்றே ஆபீஸுக்கு அனுப்பிவிட்டேன், வந்து சேர்ந்ததாகப் பதிலும் வந்துவிட்டது. நேற்று இன்ஜினியர் வந்து பார்த்தார். முன்னால் நடந்து இடத்தைக் காட்டியது பெரியப்பாதான், அடைப்பு இங்க சார், என் வயலு அந்தாண்ட, நல்லாப் பாத்துக்குங்க என்று இரண்டு முறை சொன்னாராம். அடுத்த வாரம் பொக்லைன் வருகிறது.

வேளைக்குச் சாப்பிடு, தூக்கத்தைக் கெடுத்து போன் பார்க்காதே. நீ எங்கே இருந்தாலும் நல்ல மனிதர்கள் உன்னைச் சுற்றி இருக்கட்டும். பெரியப்பாவுக்கு மறக்காமல் ஒரு போன் போடு. நடந்ததை நீயாக எடுக்காதே, எப்படியும் அவரே சொல்லுவார், முதல் தடவை கேட்கிற மாதிரி கேட்டுக்கொள்.

ஆசிகளுடன்,
உன் அம்மா
மலர்க்கொடி அன்பரசன்