ஜிலேபியின் நீர்க்கட்டி

கடலூர், ஞாயிறு

அன்புள்ள மகள் ஜெனிபருக்கு,

அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தை ஷைனியும் மஸ்கட்டில் சுகம்தானே? இங்கே நானும் அம்மாவும், ஷைனி எங்களிடம் விட்டுப்போன கினி பிக் ஜிலேபியும் மாதா தயவில் நலம். ஜிலேபிக்கு நடந்ததைக் குழப்பாமல் சொல்ல வரிசை போட்டுக்கொள்கிறேன்.

1. நாங்கள் செய்த தவறு
2. டாக்டர் சொன்ன வழிகள்
3. ஆபரேஷன்
4. மிச்சமிருக்கும் ஒரு வருத்தம்

முதலாவது. ஜிலேபிக்கு வயிறு உப்பி, விலாவில் இரண்டு பக்கமும் முடி கொட்டியது. அம்மா அதைச் சினை என்று முடிவுகட்டி, புள்ளத்தாச்சிய பட்டினி போடக்கூடாது என்று கொத்தமல்லியும் கேரட்டுமாகக் கொடுத்தாள். கூண்டில் தனியாக இருப்பவளுக்கு எப்படி என்று கேட்க வாயெடுத்தேன், அம்மா முகத்தைப் பார்த்து விட்டுவிட்டேன். பிறகு அது சாப்பாட்டைத் தொடாமல் சுருண்டதும் கூடையில் வைத்து சிதம்பரம் பஸ் ஏறினோம். கண்டக்டர் எட்டிப்பார்த்து, இன்னா பெரியவரே, எலிக்கு ஊர் சுத்திக் காட்டுறீங்களா என்றார். எங்க வூட்டுப் பொண்ணுய்யா, ஆஸ்பத்திரிக்குப் போறா, நீ டிக்கெட்டக் கிழி என்றாள் அம்மா.

இரண்டாவது. அங்கே கால்நடை ஆஸ்பத்திரியில் டாக்டர் எழிலரசி ஸ்கேன் பார்த்து, சினையெல்லாம் இல்லீங்க, ரெண்டு சினைப்பையிலயும் நீர்க்கட்டி என்றார். நர்ஸான உனக்கு நான் விளக்குவது அதிகப்பிரசங்கம்தான், இருந்தாலும் எழுதுகிறேன். ஹார்மோன் ஊசி போடலாம், எல்லாக் கட்டிக்கும் கேட்காது. ஊசியால் நீரை உறிஞ்சலாம், மறுபடி சேர்ந்துவிடும். சினைப்பையையும் கருப்பையையும் எடுத்துவிட்டால் தொல்லை தீரும், ஆனால் இத்தனை சின்ன உடம்பு மயக்க மருந்தைத் தாங்க வேண்டும். உன்னைக் கேட்கலாமென்று போன் செய்தேன், நீ டியூட்டியில் இருந்தாய். ஹார்மோன் ஊசியே போதுமே என்று நான் இழுத்தேன். அம்மாதான், நீங்க யோசிச்சி முடிக்கிறதுக்குள்ள அது போயிடும், எடுக்கச் சொல்லுங்க என்றாள். மூன்றாவது. ஆபரேஷன் அறைக்குள் ஜிலேபியைக் கொண்டுபோனபோது ஷைனிக்கு என்ன பதில் சொல்வேன் என்றுதான் மனதில் ஓடியது. ஜெபம்கூட வரவில்லை. கண் திறந்துவிட்டது என்று டாக்டர் வந்து சொன்ன பிறகுதான் உட்கார்ந்தேன். நேற்று முதல் தானாகப் புல் தின்கிறது. இனி பயமில்லையாம்.

நான்காவது. முன்பெல்லாம் ஃபிரிட்ஜ் கதவு திறந்தாலே கேரட் வருகிறதென்று விசிலடிக்குமே, ஆபரேஷனுக்குப் பிறகு சத்தமே இல்லை. அந்தக் குணம் கட்டியோடு போய்விட்டது என்றே நினைக்கிறேன். ஷைனியிடம் பக்குவமாகச் சொல்.

வெறும் வயிற்றோடு டியூட்டிக்குப் போகாதே. மூவருக்கும் எங்கள் ஆசீர்.

அன்பு அப்பா,
லூர்துநாதன்

பி.கு. ஒட்டப்போன கவரைப் பிரித்து எழுதுகிறேன். அம்மா பால் எடுக்க ஃபிரிட்ஜைத் திறந்தாள். தெருவுக்கே கேட்டிருக்கும். நான்காவதாக எழுதியது தவறு, அடித்துவிடு.