நெத்தலி மணக்கும் விலாசம்

அன்புள்ள நானா,

இன்று காலை தபால்காரர் தந்த கடிதக் கட்டில் ஒரு வங்கிக் கடிதம் இருந்தது. நல்ல தடித்த வெள்ளை உறை. பலகையில் ஒரு மணி நேரம்கூடக் கிடந்திருக்காது, அதற்குள் நெத்தலி வாசம் ஏறிவிட்டது. கருவாட்டு மூட்டைக்கு நேர் மேலே கடிதப் பலகையை அடித்தது நீங்கள்தான். வேறு இடம் பாருங்கள் என்று எத்தனை தடவை கெஞ்சியிருப்பேன். "வாசத்த வெச்சே நம்ம கடிதம்னு தெரியும் தங்கச்சி, தொலையாது" என்று சிரிப்பீர்கள். நீங்கள் கண்ணை மூடி, மௌத்தாகி ஒரு வருடம் ஆகிறது. கடையை இப்போது நான்தான் நடத்துகிறேன். பலகையை இன்னும் நகர்த்தவில்லை.

அந்தப் பலகை வந்த கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் சொல்கிறேன், சொன்னால்தான் எனக்கு ஆறும். அன்று உங்கள் கடைக்கு மாவு வாங்க வந்தேன். கையில், நுவரெலியாவுக்கு நேர்முகப் பரீட்சைக்கு வரச்சொல்லி ஒரு கடிதம். பரீட்சை முடிந்து நான்கு நாள் ஆகியிருந்தது. தேயிலைத் தோட்டத்தில் வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து வீடுகளுக்கு ஏது விலாசம்? எங்கள் கடிதமெல்லாம் தோட்ட ஆபிஸுக்குப் போகும். அங்கே மேசை லாச்சிக்குள் கிடக்கும். யாருக்காவது ஞாபகம் வந்தால், காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் பெயரைக் கூப்பிட்டுக் கொடுப்பார்கள். என் உத்தியோகம் அந்த லாச்சிக்குள்ளேயே போய்விட்டது. நான் அழுததைப் பார்த்து நீங்கள் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. கோபப்பட்டீர்கள்.

"என்னத்துக்கு அழுற? இனி என் கட விலாசத்த போடு. எவன் உன் கடிதத்த மறிக்கிறான்னு பாக்கலாம்."

ஒரு மாதத்துக்குள் மேட்டு லயமும் பணிய லயமும் டிக்கோயா டவுனில் இருந்த உங்கள் விலாசத்துக்கு மாறின. நான் கடையில் வேலைக்கு வந்தேன், பிறகு உங்களுக்குப் பங்குதாரரும் ஆனேன். கூடப் பிறந்த அண்ணன் தங்கச்சி போல நாம் சண்டை போடாத நாள் குறைவு.

உறையைப் பிரிக்காமலே ஊர் நிலவரம் சொல்வதில் நமக்குள் போட்டி. முதலில் கொழும்புக் கடைகளில் நின்ற பையன்களின் கடிதங்கள் வந்தன. பிறகு அரபு நாட்டு முத்திரைகள், பிறகு வங்கிக் கடிதங்கள். அடுத்தது பார்சல் என்று நான் சொன்னபோது நீங்கள் நம்பவில்லை. "தொட்டுப் பாக்காம போன்ல யாரு சட்ட வாங்குவாங்க?" என்றீர்கள். தோற்றதற்கு ஒரு வாரம் எனக்கு நீங்களே பிளேன்டீ ஊற்றித் தந்தீர்கள். மாவுக்கும் எரிவாயுவுக்கும் வரிசையில் நின்ற அந்தக் கொடுமையான காலத்தில் பார்சல் அடியோடு நின்றது. நிலைமை சற்றுத் தேறியதும் முதலில் வந்தவை பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சப்பாத்துகள். போன் கவர் எல்லாம் அதற்கப்புறம்தான். அந்தச் சப்பாத்துப் பெட்டிகளைத் தட்டிக்கொண்டே சொன்னீர்கள்: "சனம் எழும்பிட்டாங்க தங்கச்சி. கொழும்புல உள்ளவனுக்கு இது விளங்க ரெண்டு வருஷம் புடிக்கும்."

அப்படியேதான் நடந்தது. போன மாதம் கொழும்பிலிருந்து ஒரு பார்சல் கம்பெனிக்காரர் மடிக்கணினியோடு வந்தார். மலைநாட்டு டவுன்களில் முதல் போடப் போகிறார்களாம்.

"இந்தப் பக்கம் எல்லாம் நாட்சம்பள ஆட்கள். எங்க கணக்குப்படி வாங்குற சக்தியே இல்ல. ஆனா உங்க கடைக்கு இவ்வளவு பார்சல் எப்படிக்கா வருது?" என்று கேட்டார்.

"நீங்க கொழுந்து எடுக்கிறவங்க சம்பளத்த மட்டும் பாத்திருக்கீங்க. அவங்க மக கார்மென்ட்ல இருக்கா. மகன் வெள்ளவத்தையில கடையில இருக்கான். வீட்டுக்காரரு வீட்டுக்குப் பின்னாடி லீக்ஸ் பயிர் போடுறாரு. ஒரே காம்பரா வீட்டுக்கு நாலு பக்கத்துல இருந்து காசு வருது. விலாசம் இல்லாத வீடு, அதனால உங்க கண்ணுல படல," என்றேன்.

எழுதிக்கொண்டார். இதையெல்லாம் கேட்டு எழுதுகிற அளவுக்குக் கெட்டிக்காரர்தான். பிறகு ஒரு பேச்சுப் பேசினார். கடையை அவர்களுடைய பார்சல் நிலையமாக்கலாம், எனக்கு மாதச் சம்பளம். முற்பணமாகத் தருவதை வைத்து டிக்கோயா டவுனில் ஒரு சின்ன வீடு பிடிக்கலாம். சுவரில் எண் பதித்த வீடு, என் பெயரில். ஒரே ஒரு நிபந்தனை.

"அந்தக் கடிதப் பலகைய மட்டும் எடுத்துடுங்க. அதுல வருமானம் இல்ல."

ஆசை வந்தது, நானா. உங்களிடம் மறைக்க மாட்டேன். சொந்த விலாசத்துக்கு நான் எவ்வளவு ஏங்கினேன் என்று உங்களுக்குத்தான் தெரியும். இரண்டு நாள் அந்த வீட்டின் கதவு என் கண்ணுக்குள்ளேயே நின்றது. ஆனால் பலகையை எடுத்தால் இரண்டு லயத்துக் கடிதமும் திரும்ப அந்த லாச்சிக்குத்தான் போகும். எனக்கு நடந்தது இன்னொருத்திக்கு நடக்கும். நான் எண் பதித்த வீட்டில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

மூன்றாம் நாள் பதில் கேட்டு வந்தவரிடம் முடியாது என்று சொல்லிவிட்டேன்.

"உணர்ச்சிவசப்படாதீங்கக்கா. இளம் ஆட்கள் எல்லாம் போயிட்டிருக்காங்க. கொஞ்ச வருஷத்துல இங்க யாரும் இருக்க மாட்டாங்க."

"போறாங்க. போனவங்க அனுப்புறது எங்க வந்து சேருதுன்னு இப்பத்தானே எழுதிக்கிட்டீங்க? பலகை வேணாம்னா எல்லாத்தையும் வீட்டுக்கே கொண்டு போய்க் குடுங்களேன்."

"எப்படி? லயத்துல கதவுக்கு நம்பரே இல்லையே."

அந்த வார்த்தை என்னைச் சுட்டது. அவர் கிண்டலாகச் சொல்லவில்லை, உள்ளதைத்தான் சொன்னார். இத்தனை வருடமாக யாராவது எண் தருவார்கள் என்று வாயைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டோமே என்று எனக்கு என் மேலேயே ஆத்திரம்.

"அடுத்த தடவ வரும்போது இருக்கும்," என்றேன்.

"நம்பர் போட்டா பார்சல் நேரா வீட்டுக்குப் போயிடுமே. அப்புறம் உங்க கடைக்கு யாரு வருவா?"

"நெத்தலி வாங்க வருவாங்க."

நீங்கள் இருந்திருந்தால் அந்த இடத்தில் மேசையைத் தட்டிச் சிரித்திருப்பீர்கள். அந்தச் சிரிப்பு இல்லாமல் கடை எனக்குப் பெரிதாகத் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை நீலப் பெயின்ட் வாங்கிக்கொண்டு லயத்துக்கு ஏறினேன். சில பேர் தயங்கினார்கள், தோட்டத்தில் ஏதாவது சொல்வார்களோ என்று. நான் என் கதவிலிருந்து ஆரம்பித்தேன். மத்தியானத்துக்குள் தூரிகைக்கு அடிதடி. சாயங்காலம் இரண்டு லயத்திலும் எண் இல்லாத கதவு கிடையாது. மறுநாள் தபால்காரரிடம் யாருக்கு எந்த எண் என்று ஒரு பட்டியல் கொடுத்தேன். அவர் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அன்றே தோட்ட ஆபிஸிலிருந்து ஒரு ஐயா மேலே வந்தார். லயத்துச் சனமெல்லாம் வாசலுக்கு வந்து நின்றது.

"யாரு பர்மிஷன் குடுத்தது?"

"எங்க பிள்ளைகளுக்குப் பேரு வைக்க யாருகிட்டயும் பர்மிஷன் கேக்கலையே ஐயா. இதுக்கும் கேக்கல," என்றேன்.

"இது தோட்டத்துச் சுவரு. சுண்ணாம்பு அடிச்சு எல்லாத்தையும் அழிக்கச் சொல்லுவேன்."

"அடிங்க ஐயா. எங்கம்மா காலத்துல இருந்து இந்தச் சுவருக்குச் சுண்ணாம்பு கேக்குறோம், இப்பவாவது அடிச்சு விடுங்க. காஞ்ச உடனே மறுபடியும் எழுதிக்கிறோம்."

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். அவர் இறங்கிப் போனார். இதுவரை சுண்ணாம்பு வரவில்லை.

நானா, அன்று நான் அழுதபோது நீங்கள் பட்ட கோபம்தான் உங்களிடமிருந்து நான் வைத்திருக்கும் சொத்து. அதை யாருக்கும் விற்பதாக இல்லை. நாளைக்கு அழித்தாலும் சரி, இந்த மடலின் முதுகில் அனுப்புபவர் விலாசத்தை இன்று எழுதத்தான் போகிறேன்.

செல்வி,
இலக்கம் 14, மேட்டு லயம்,
டிக்கோயா.