பொறுங்கள் என்று நான் சொன்ன கம்ப்யூட்டர்

என் அன்பு மதினிக்கு,

நேற்று கம்ப்யூட்டர் வாங்கிவிட்டோம். தேவாரத்தில் நம் வீட்டில், உங்கள் எம்பிராய்டரி மெஷினுக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறோம். உங்களோடு கூட்டுச் சேர்ந்து ஜாக்கெட் தைத்த செல்விதான் இப்போது மெஷினை ஓட்டுகிறாள். அதை விற்றுவிடலாம் என்ற அண்ணனோடு சண்டை போட்டு நிறுத்தியவளும் அவள்தான். இந்தச் செய்தியைச் சந்தோஷமாக எழுத எனக்கு யோக்கியதை இல்லை.

"தம்பி, கம்ப்யூட்டர் இப்ப வாங்கிரலாமா, இல்ல பொறுக்கணுமா?" என்று பெங்களூருக்குப் போன் போட்டுக் கேட்பீர்கள். "பொறுங்க மதினி, புது பிராசசர் வருது" என்றேன். அது வந்தது. கிராபிக்ஸ் கார்டு புதுசு வரட்டும் என்றேன். அதுவும் வந்தது. அப்புறம் ரேம் விலை இறங்கட்டும் என்றேன். சொன்னதில் ஒன்றும் பொய்யில்லை, மதினி. கம்ப்யூட்டரில் எப்போது பார்த்தாலும் ஏதாவது புதிதாக வந்துகொண்டேதான் இருக்கும். 'பொறுங்கள்' என்று சொல்லிவிட்டால், உட்கார்ந்து எது நல்லது என்று பார்க்க வேண்டியதில்லை. போனை வைத்துவிடலாம்.

நீங்களோ அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டீர்கள். ஒவ்வொரு டிசைனுக்கும் கம்பத்துக்கு பஸ் ஏறி, டிசைன் போடுகிறவர் கடையில் காத்துக் கிடந்து, பென் டிரைவில் வாங்கி வந்தீர்கள். என்னை ஒரு வார்த்தை திட்டியிருக்கலாமே?

நெஞ்சுவலி என்று தேனிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே நீங்கள் போய்விட்டீர்கள். துக்கத்துக்கு வந்தவர்களிடம் அண்ணன் என்னைக் காட்டி, "எதா இருந்தாலும் தம்பியக் கேட்டுத்தான் செய்வா" என்று சொல்லிச் சொல்லி அழுதார். நான் தலையை நிமிர்த்தவில்லை.

நேற்று செல்வியோடு உத்தமபாளையத்துக் கடைக்குப் போனேன். கடைக்காரர், "அடுத்த மாசம் புது மாடல் வருது சார், பொறுத்தா நல்லது" என்றார். செல்வி என் முகத்தைப் பார்த்தாள்.

"அக்கா ஒங்களக் கேக்காம வாங்கக் கூடாதுன்னாக. சொல்லுங்கண்ணே, நான் பொறுத்துக்கிறேன்."

எனக்குப் பயமாகிவிட்டது. "என்னென்ன வேலைக்கும்மா இது வேணும்?" என்று கேட்டேன். டிசைன் வரைய வேண்டும், அதைத் தையலாக மாற்ற வேண்டும், மெஷினுக்கு அனுப்ப வேண்டும். அவ்வளவுதான். அதற்கு ரொம்ப நாளாக அங்கே விற்கிற சாதாரண மாடலே தாராளம். இந்தக் கேள்வியை உங்களிடம் நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

அதையே எடுத்துப் போடச் சொன்னேன். பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தவள் சாதாரணமாகத்தான் கேட்டாள்.

"ஏண்ணே, இதுல எது அப்ப வராம இருந்துச்சு? அக்கா எதுக்குப் பொறுத்தாக?"

"ஒண்ணுமில்லம்மா. எல்லாம் அப்பவே இருந்துச்சு. நாந்தான் பாக்கல."

அவள் பெட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

செல்வி தானாக ஒரு டிசைன் போட்டு மெஷினில் ஓட்டும்வரை நான் பெங்களூருக்குத் திரும்பப் போவதில்லை, மதினி. இனி யார் யோசனை கேட்டாலும், என்ன வேலைக்கு என்று கேட்காமல் வாயைத் திறக்க மாட்டேன். உங்களிடம் மன்னிப்புக் கேட்டால் யோசிக்காமல் கொடுத்துவிடுவீர்கள். அதனால்தான் கேட்கவில்லை.

உங்கள் கொழுந்தன்,
கதிரேசன்