வெள்ளச்சிக்குப் பத்தாமல் போன பட்டை

என் ஆசை மாமாவுக்கு,

கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் உங்களுக்கு நான் ஒரு கடிதமும் எழுதியதில்லை. நீங்கள் இறந்து ஆறு மாதம் கழித்து இப்போது எழுத உட்கார்ந்திருக்கிறேன். என்ன கேட்கப் போகிறேன் என்றுகூடச் சரியாகத் தெரியவில்லை.

வெள்ளச்சியை விற்றுவிடலாம் என்றிருந்தேன். நீங்கள் வேலை பார்த்த மில்லை மூடியதும் பிழைப்புக்கு வாங்கி வந்த குதிரை. ஆர்.எஸ்.புரத்துச் சேட்டு வீட்டுக் கல்யாண ஊர்வலத்துக்கெல்லாம் நீங்கள்தான் பிடித்துக்கொண்டு போவீர்கள். பீளமேட்டில் ஜாக்கெட் தைத்துப் பிழைக்கிற நான் தனியாக ஒரு குதிரையை வைத்துக்கொண்டு என்ன செய்ய? பவானிக்காரர் ஒருவர் பங்குனிக் கடைசியில் வந்து ஓட்டிப்போவதாக, அண்ணன் எஸ்.டி.டி. பூத்திலிருந்து பேசி முடித்தார்.

வெறுமனே அனுப்ப மனசு வரவில்லை. உடம்பு தேய்க்கச் சாக்கில் ஒரு கையுறை தைத்தேன். தேய்ப்பவர் கை காந்தக் கூடாதென்று உள்ளே உங்கள் பனியன் துணி கொடுத்தேன். ஊர்வலத்துக்கு முன் வால் அழுக்காகாமலிருக்க நாடா வைத்து ஓர் உறை. குளிப்பாட்டிய பின் தூசி படாமலிருக்க ஜமக்காளத்தில் முதுகுப் போர்வை. அது நழுவாமல் வயிற்றைச் சுற்றிக் கட்டும் பட்டைக்குப் போன வருஷத்து அளவு நோட்டில் இருந்தது. அதன்படியே தைத்தேன்.

கட்டிப் பார்த்தால் நாலு விரல் பத்தவில்லை. அளவு தப்புகிற கையா என் கை? பிரித்து, ஒட்டுக் கொடுத்துத் தைத்தேன். பத்து நாள் கழித்துக் கட்டினால் மறுபடியும் இழுத்துப் பிடித்தது.

தீனியில் ஏதோ கோளாறு, வயிறு ஊதிவிட்டது என்று பயந்து மாட்டாஸ்பத்திரி டாக்டரைக் கூட்டி வந்தேன். அவர் கை வைத்துப் பார்த்துச் சிரித்தார்.

"உப்புசமெல்லாம் இல்லீங்க. சினையா இருக்குதுங்க. எட்டு மாசம் இருக்கும்."

எண்ணிப் பார்த்தால் ஆடி மாதம் வருகிறது. ஆடியில்தானே அவளை அந்தியூர்க் குதிரைச் சந்தைக்கு ஓட்டிப்போய் நாலு நாள் இருந்தீர்கள்? "சும்மா பாத்துப்போட்டு வாரேன் அம்மணி" என்றுதானே சொன்னீர்கள்?

தெரிந்தேதான் செய்தீர்களா மாமா? இல்லை, உங்களுக்கும் தெரியாமல் நடந்ததா? தெரிந்திருந்தால் என்னிடம் ஏன் சொல்லவில்லை? பிள்ளையில்லாத வீட்டில் அந்தப் பேச்சை எடுக்க வாய் வரவில்லையா? சொல்லியிருந்தால் நான் வருத்தப்பட்டிருப்பேனா, சந்தோஷப்பட்டிருப்பேனா? டாக்டர் போனதும் உங்கள் மேல் கோபம் கோபமாக வந்தது. அடுத்த நிமிஷம் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதேன். அது எதற்கென்றும் தெரியவில்லை.

அண்ணன் வந்ததும் சொன்னேன்.

"இப்ப விக்கலீங்ணா."

"அந்த ஆளுக்கு நான் என்ன அம்மணி பதில் சொல்றது?"

"தெரீலீங்ணா. குட்டி போட்டு, அது பால் மறக்கட்டும்னு சொல்லிப்போடுங்க."

அண்ணன் காபியைக் குடிக்காமலே எழுந்து போனார்.

குதிரை குட்டி போட்டு நான் பார்த்ததே இல்லை. ஆனியில் இருக்கும் என்கிறார் டாக்டர். குட்டியின் தோலுக்குச் சாக்கு ஆகாது, மெத்தென்று இருக்க வேண்டுமென்று நேற்று கடைவீதியில் பிளானல் துணி எடுத்துவிட்டேன். யாரைக் கேட்டு எடுத்தேன்? வீட்டுக்கு வந்த பிறகுதான் யோசிக்கிறேன்.

பால் மறந்த பிறகு விற்பேனா, வைத்துக்கொள்வேனா, இன்றைக்குச் சொல்லத் தெரியவில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். அவளுக்கு வலி எடுக்கிறபோது நான் பக்கத்தில் இருப்பேன். பயமாயிருந்தாலும் எழுந்து போக மாட்டேன்.

இன்றும் உங்கள் வீட்டுக்காரிதான்,
சரசு