தீக்கதவு நிலையில் ஒரு வெடிப்பு

ஆடி, செவ்வாய்க்கிழமை.

தையல் கம்பெனி மாடியில தீத்தடுப்புக் கதவுக்கு இன்னிக்கு நிலை அறுத்துச் சேர்த்தேன். வூட்டு நிலைக்கே பழகின கை, கேக்காமலே கீழேயும் வாசப்படியா ஒரு கட்டையைப் பூட்டிடுச்சு. மத்தியானம் வந்த இன்ஜினியர், "என்னங்க இது? தீப்பிடிச்சு ஓடுறவங்களுக்குக் கால் தடுக்காதா? எடுத்துடுங்க"ன்னார். தட்டிக் கழட்டும்போது இடது நிலைக்கால் அடியிலிருந்து முழங்கால் உயரத்துக்கு வெடிச்சிடுச்சு. புதுசா ஒரு கால் அறுத்திருக்கணும். மரம் சேலத்திலிருந்து வர ரெண்டு நாளாகும்; மொதலாளி நாளைக்கே கதவு மாட்டணும்னு தலைமேல நின்னார். மரத்தூளையும் பசையையும் குழைச்சு வெடிப்பை அடைச்சு, மேலே பெயின்ட் அடிச்சேன். திரும்பி வந்த இன்ஜினியர், "இப்ப சரிங்க"ன்னு கையெழுத்துப் போட்டுட்டுப் போயிட்டார். மனுசன் ஏமாந்துட்டார். நெருப்பும் புகையும் பெயின்டைப் பார்த்தா ஏமாறும்?

ராத்திரி சோறு போடும்போது, அதே கம்பெனியில தைக்கிற என் சம்சாரம் சிரிச்சா.

"என் வூட்டுக்காரர் செஞ்ச கதவுன்னு சொல்லி, அதுக்குப் பக்கத்துலயே என் மெஷினைப் போடச் சொல்லிட்டேங்க."

கொஞ்சம் ரசம் ஊத்துன்னேன்.