பக்கத்து வீட்டில் அவித்த பல்லுக் கொழுக்கட்டை

அன்புள்ள சுகந்திக்கு,

இஞ்சாரும். உம்மை வேறு எப்படிக் கூப்பிட்டுப் பழக்கம் எனக்கு? குசினிக்குள் இருந்து "என்னப்பா?" என்று கேட்பீர், பாதி சலிப்போடு. இப்போதும் சில வேளை வாய் தவறிக் கூப்பிட்டுவிடுகிறேன். ஆரணிதான் ஓடிவந்து எட்டிப் பார்க்கிறாள். யாரைக் கூப்பிட்டேன் என்று அவள் கேட்பதில்லை.

ஒரு செய்தி. எங்கள் சின்னவன் தம்பிக்குப் பல் முளைத்துவிட்டது. கீழ் முரசில், நடுவில், குறுணி அரிசி அளவில் ஒன்று. கண்டுபிடித்தது நானில்லை, உம்முடைய மகள் ஆரணி. நான் அவனுக்குக் கஞ்சி தீத்திக்கொண்டிருந்தேன். கரண்டி வாய்க்குள் சத்தம் போடுகிறது என்றாள். விரலை விட்டுப் பார்த்தேன், கடித்தே விட்டான். சந்தோஷத்தில் எழுந்து உமக்குச் சொல்லக் குசினி வாசல் வரைக்கும் போய்விட்டேன். அங்கே கழுவாத பானைதான் இருந்தது.

நீர் போகும்போது அவனுக்குக் கழுத்து நின்று கொஞ்சக் காலம்தான். காய்ச்சல் என்று ஓட்டோவில் ஏறும்போதும் நீர் உம்மைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. "ஏணைத் துணியைத் தோய்ச்சுப் போடுங்கோ, நான் வந்து மாத்துறன்" என்றீர். டெங்கு என்றார்கள். நான் ஏணைத் துணியைத் தோய்த்துக் காயப்போட்டேன், மடித்தும் வைத்தேன். நீர் வரவில்லை. அவனை ஆட்டித் தூங்கவைக்கிற அந்த ஏணையை அதற்குப் பிறகு யார் மாற்றினார்கள் என்றுகூட எனக்கு நினைவில்லை.

உம்முடைய அக்காதான் சம்பூரில் தன் வீடுவாசலைப் போட்டுவிட்டு வந்து எங்களோடு நிற்கிறா. மச்சாள் இல்லாவிட்டால் நாங்கள் மூன்று பேரும் என்ன ஆகியிருப்போம்? நான் வேலைக்குப் போய்வருவதே அவவால்தான்.

ஆரணிக்கு இரட்டைப் பின்னல் போட நானே பழகிக்கொண்டேன். கப்பலுக்குக் கயிறு கட்டத் தெரிந்தவனுக்கு இது பெரிய வேலையா என்று நீர் நக்கலடிப்பீர். பெரிய வேலைதான். தொடக்கத்தில் பள்ளிக்கூட வாசலிலேயே அவிழ்ந்து, ரீச்சர் திருப்பிப் பின்னிவிட்டிருக்கிறா. இப்போது கொஞ்சம் அதிகமாக இறுக்கிவிடுகிறேன். பிள்ளை புருவம் மேலே ஏறி, நாள் முழுக்க எதையோ கண்டு ஆச்சரியப்பட்டவள் மாதிரித் திரிகிறாள். வலிக்குதா என்று கேட்டால் இல்லை என்கிறாள். உம்மிடம் என்றால் வீடு இரண்டுபட அழுதிருப்பாள். என்னிடம் ஏன் அழுவதில்லை, சுகந்தி?

தெருவில் திரிகிற மான்கள் வழக்கம்போல முற்றத்துக்கு வருகின்றன. உம்முடைய செவ்வரத்தைச் செடியில் ஓரிலை மிச்சமில்லை. நீர் விளக்குமாற்றோடு சந்திவரைக்கும் துரத்துவீரே, அந்தக் கொம்பு முறிந்த மான், அதுதான் முன்னுக்கு நிற்கிறது. தம்பி அதைக் கண்டால் கையைத் தட்டிச் சிரிக்கிறான். அதனால் துரத்துவதில்லை. கோபிக்காதேயும்.

பல்லுக்கு வருகிறேன். பல் முளைத்தால் கொழுக்கட்டை அவிக்க வேண்டும் அல்லவா. ஆரணிக்கு அவித்த நாள் நினைவிருக்கிறதா உமக்கு? பாயில் அவளை இருத்தித் தலையில் வெள்ளைத் துணி போட்டு, பல்லுப் போலத் தேங்காய்ச் சொட்டுக் குத்திய கொழுக்கட்டைகளை மேலே கொட்டினோம். முன்னால் தட்டத்தில் புத்தகம், பேனை, கத்தரிக்கோல், சங்கிலி, கொஞ்சம் நெல். பிள்ளை எதை எடுக்கிறதோ அதுதான் அதன் வழி என்பார்கள். நான் என் பங்குக்கு எங்கள் இழுவைப் படகிலிருந்து ஒரு துண்டுக் கயிறு கொண்டுவந்து வைத்தேன். துறைமுகத்துக்குள் வருகிற கப்பல்களை இழுத்துக் கரைசேர்க்கிற வேலைதானே எங்களுக்குச் சோறு போடுகிறது.

நீர் அந்தக் கயிற்றைத் தூக்கி முற்றத்தில் எறிந்தீர். "என்ர பிள்ளை ஒண்டும் கப்பல் இழுக்கப் போகாது" என்றீர், வந்திருந்த சனம் எல்லாருக்கும் முன்னால். நானும் விடவில்லை. நாங்கள் சண்டை பிடித்து முடித்துத் திரும்பிப் பார்த்தால், ஆரணி தட்டத்தைத் தொடாமல், மடியில் விழுந்த கொழுக்கட்டை ஒன்றை எடுத்துச் சூப்பிக்கொண்டிருந்தாள். சாப்பாட்டுக்கடை வைப்பாள் என்று எல்லாரும் சிரித்தார்கள். அடுத்த பிள்ளைக்குப் பார்க்கலாம் என்று நான் சொன்னேன். பார்க்கலாம் என்று நீரும் சொன்னீர்.

இந்த முறை மச்சாள் கொழுக்கட்டை ஏலாது என்றுவிட்டா. உம்முடைய ஆட்டைத் திவசம் முடியும்வரை, ஒரு வருடத்துக்கு, இந்த வீட்டில் நல்ல காரியம் எதுவும் செய்யக்கூடாதாம். பல் ஒரு வருடம் பொறுத்து முளைக்குமா என்று கேட்டேன். என் குணம் தெரியும்தானே, கேட்டதோடு நிற்கவில்லை. மச்சாள் சீலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு பக்கத்து வீட்டு நஸீரா ராத்தாவிடம் போய்விட்டா. அங்கே இருந்து அழுதிருக்க வேண்டும்.

அடுத்த நாள் காலையில் அவவே கதையைத் தொடங்கினா. சண்டையில் சம்பூரை விட்டு ஓடி முகாமில் இருந்த காலத்தில்தான் அவவின் மகனுக்கு முதல் பல் வந்ததாம். மா இல்லை, சீனி இல்லை, அவிக்கச் சட்டிகூட இல்லை. அவனுடைய பல்லெல்லாம் ஒன்றையொன்று முண்டியடித்துக்கொண்டு முளைத்தது அதனால்தான் என்று இன்றைக்கும் நினைக்கிறா. இத்தனை வருடமாக இதை நீரும் அறிந்திருக்க மாட்டீர். பிறகு சொன்னா, "இந்த வீட்டு அடுப்பிலதான் அவிக்கக்கூடாது. நஸீரா வீட்டில அவிச்சா அது நஸீரா வீட்டு விசேஷம்தானே." கிண்ணியாக்காரியான நஸீரா ராத்தா அதற்கு முன்பே அரிசியை ஊறப்போட்டிருந்தா. அவர்களிடமும் இந்த வழக்கம் இருக்கிறது. தன்னுடைய பிள்ளைகள் எல்லாருக்கும் அவித்த அதே சட்டியில்தான் தம்பிக்கும் அவித்தா.

ஆக, ஒரு வெள்ளிக்கிழமை, ராத்தாவின் புருஷன் பள்ளிவாசலுக்குப் போய்வந்த பிறகு, அவர்கள் வீட்டு விறாந்தையில் பாய் விரித்தோம். சனம் இல்லை. நாங்கள், ராத்தா, அவவின் புருஷன், மகள், அவ்வளவுதான். நான் கயிறு வைக்க நினைக்கவில்லை, சத்தியமாக. வேலையால் நேரே வந்தேன், அது பையில் கிடந்தது. ராத்தாதான் கண்டு, அதையும் வையுங்கள் என்று தட்டத்தின் ஓரத்தில் வைத்துவிட்டா.

அப்போது ஆரணி எழுந்து எங்கள் வீட்டுக்கு ஓடினாள். திரும்பி வரும்போது உம்முடைய மூக்குக்கண்ணாடியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தாள். அலுமாரிக்குள் உம்முடைய சீலைகளுக்கு மேலே வைத்திருந்தேனே, அது. ஒரு காலில் நீல நூல் சுற்றியிருக்கும். தம்பி பால் குடிக்கும்போது இழுத்து இழுத்து முறித்த கால். புதிது வாங்கலாம் என்று நான் சொல்ல, கள்ளன் அதையும் முறிப்பான் என்று நீர் நூலைச் சுற்றிக்கொண்டு திரிந்தீர்.

கண்ணாடியைத் தட்டத்தின் நடுவில் வைத்துவிட்டு என் காதுக்குள் வந்து சொன்னாள். "தம்பி அதைத்தான் எடுப்பான், பாருங்கோ அப்பா. அவனுக்கு அம்மாவ ஞாபகம்."

நானும் நம்பினேன். ஏன் பொய் சொல்ல வேண்டும்? எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது. நீர் போன நாளிலிருந்து எனக்கு இருக்கிற பயமே இது ஒன்றுதான். பால்மா கரைக்கலாம், பின்னல் போடலாம், காய்ச்சலுக்குத் துணி நனைத்து நெற்றியில் போடலாம். தன்னைப் பெற்றவளின் முகம் தெரியாமல் ஒரு பிள்ளை வளர்ந்தால் நான் என்ன செய்வேன்? அந்தப் பாயில் அவன் உம்முடைய கண்ணாடியை எடுத்துவிட்டால், ஏதோ ஒரு மூலையில் உம்மை வைத்திருக்கிறான் என்று நினைத்துக்கொள்ளலாம்.

மச்சாள் கொழுக்கட்டையைக் கொட்டினா. தம்பி துணிக்குள் இருந்து தலையை நீட்டி எல்லாரையும் பார்த்துச் சிரித்தான். பிறகு தவழ்ந்து தட்டத்துக்குப் போனான். புத்தகத்தைப் பார்க்கவில்லை. சங்கிலியைப் பார்க்கவில்லை. நேரே கண்ணாடிக்கு மேல் கையை வைத்தான். ஆரணி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

கண்ணாடியைத் தள்ளினான், சுகந்தி. வழியில் கிடக்கிறது என்று ஒரு பக்கமாகத் தள்ளிவிட்டு, பின்னால் இருந்த கயிற்றை எடுத்து வாய்க்குள் வைத்துக்கொண்டான்.

ராத்தா கை தட்டினா. கப்பல்காரன் என்று அவவின் மகள் சிரித்தாள். மச்சாள்கூட நீர் போன பிறகு முதல் தடவையாகச் சிரித்தா. நம்முடைய சண்டையில் நான் வென்றுவிட்டேன் என்று நினைக்கிறேன். திருப்பிச் சண்டைக்கு வர நீர் இல்லாமல் இந்த வெற்றியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

ஆரணி சிரிக்கவில்லை. கண்ணாடியை எடுத்துச் சட்டையில் துடைத்தாள். "தம்பிக்கு அம்மாவத் தெரியேல்ல" என்றாள். மெல்லத்தான் சொன்னாள், ஆனால் விறாந்தையில் எல்லாருக்கும் கேட்டது. ராத்தா அவளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டா.

அதற்குப் பிறகு சில நாள் அவள் தம்பியோடு கோபம். அவன் தவழ்ந்து போய் அவள் காலைப் பிடித்தால் காலை மடக்கிக்கொள்வாள். அவனுக்கு என்ன விளங்கும்? அக்காவின் புதிய விளையாட்டு என்று இன்னும் சிரிப்பான். நான் ஏதாவது சொல்லித் தேற்ற வேண்டும் என்று ஒவ்வொரு நாளும் நினைத்தேன். என்ன சொல்லித் தேற்றுவது? அவள் சொன்னது உண்மைதானே.

போன ஞாயிற்றுக்கிழமை நான் துணி காயப்போட்டுவிட்டு உள்ளே வருகிறேன், ஆரணி உம்முடைய கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தம்பிக்கு முன்னால் சப்பணமிட்டு இருக்கிறாள். அது அவள் கன்னம் வரைக்கும் வழிகிறது. குனிந்து முகத்தை அவனிடம் கொடுக்கிறாள். அவன் எட்டி, நூல் சுற்றிய காலைப் பிடித்து இழுத்தான். "விடடா கள்ளா" என்றாள். உம்முடைய குரலில், சுகந்தி. அந்த "டா"வை நீர் இழுப்பீரே, அதே இழுவை. நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். அவன் சிரித்தான், திரும்ப இழுத்தான். திரும்பவும் "விடடா கள்ளா". எத்தனை தடவை விளையாடினார்களோ தெரியாது. நான் தோளில் கிடந்த துவாயால் முகத்தை மூடிக்கொண்டு நின்றேன்.

என்னைக் கண்டதும் கண்ணாடியைக் கழற்றினாள். ஏசுவேன் என்று நினைத்திருக்கலாம். பக்கத்தில் இருந்தேன். ஆடிக்கொண்டிருக்கிற தன் முன் பல்லை நாக்கால் தள்ளிக்கொண்டு இருந்தாள். ஓம், அவளுக்கும் ஒரு பல் ஆடுகிறது, உமக்கு இன்னும் சொல்லவில்லை. பிறகு கேட்டாள்.

"அம்மா வேற என்னெல்லாம் சொல்லுவா, அப்பா? எனக்கு மறக்குது."

தம்பி கண்ணாடியைத் தள்ளியபோதுகூட எனக்கு இப்படி வலிக்கவில்லை. அவன் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். இவளும் இழந்துகொண்டுதான் இருக்கிறாள், அது அவளுக்கே தெரிகிறது. அதனால்தான் இருக்கிற ஒன்றை அவசரம் அவசரமாகத் தம்பிக்குக் கொடுக்கப் பார்த்தாள். அவளைக் கட்டிப்பிடித்து அழுதேன். அவளும் அழுதாள், உம்மிடம் அழுவாளே அப்படி, வாயைத் திறந்து, வீடு கேட்க. தம்பி எங்கள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டுத் தானும் தொடங்கினான். மச்சாள் குசினியில் இருந்து ஓடிவந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனா.

அழுது முடித்த பிறகு சொல்லத் தொடங்கினேன். மானைத் துரத்தப் போய் உம்முடைய செருப்பு அறுந்த கதை. கரம் விளையாட்டில் நான் பார்க்காத நேரம் காயைக் குழிக்குள் தள்ளிவிடுகிற கதை. கோபம் வந்தால் என் தேத்தண்ணிக்குச் சீனி போடாமல் கொண்டுவந்து வைப்பீரே, அது. ஆரணி சிரித்தாள். "அம்மா கள்ளாட்டமா விளையாடுறவா?" என்று நம்பாமல் கேட்டாள். மச்சாள் பிள்ளைகளுக்கு மாலை போட்ட படத்தைக் காட்டி, அம்மா தெய்வம் என்று சொல்லிக்கொடுக்கிறா. அவவுக்கு அது ஆறுதல், சொல்லட்டும். ஆனால் தெய்வத்தின் கண்ணாடியை ஒரு பிள்ளை இழுக்குமா?

ஆகையால் இதைக் கேளும். தம்பிக்கு உம்மை நினைவு வராது. அதை நான் ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும், வேறு வழியில்லை. ஆனால் உம்மைத் தெரியாதவனாக அவனை வளர்க்க மாட்டேன். உம்முடைய கோபம், உம்முடைய நக்கல், சீனி போடாத தேத்தண்ணி, ஒன்றையும் மறைக்காமல் சொல்வேன். கண்ணாடி இனி அலுமாரிக்குள் இல்லை, அவர்கள் கை எட்டுகிற இடத்தில் இருக்கிறது. இன்னொரு கால் முறிந்தால் நானும் நீல நூல் சுற்றுவேன். அவன் பேசத் தொடங்கி ஒரு நாள், என் அம்மா கரத்தில் கள்ளாட்டம் ஆடுவா என்று யாரோடாவது சண்டை பிடிப்பான். அன்றைக்கு உமக்கு மறுபடி எழுதுகிறேன்.

தம்பி பிறந்த பிறகும் நீர் அதே பெயரில் கூப்பிட்ட,
உம்முடைய ஆரணியப்பா