உரிமையாளர் கையெழுத்து

செப்டம்பர் 11, 1994 – ஞாயிறு

அவர் கடிதம் வந்துவிட்டது. அக்டோபர் நான்காம் தேதி மஸ்கட்டில் விமானம் ஏறுகிறாராம். பம்பாயில் இறங்கி, பெங்களூர் வந்து, மறுநாள் மைசூர். தசராவுக்கு வீட்டில் இருப்பார். இரண்டு வருஷம் என்று சொல்லிப் போனவர். மூன்றாவது வருஷமும் முடியப் போகிறது.

மகள் காவேரிக்குப் படித்துக் காட்டினேன். அவளுக்கு ஒன்பது வயது. "அப்பா எவ்ளோ உயரம் இருப்பாரும்மா?" என்று கேட்டாள். கதவு நிலையில் கை வைத்துக் காட்டினேன். காட்டிய பிறகு எனக்கே சந்தேகம். அவ்வளவு உயரமா?

செப்டம்பர் 18

பின்கட்டு அறைக்கு வெள்ளையடித்தாயிற்று. கொட்டகையில் பத்தி உருட்டும் எட்டுப் பெண்களும் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். பூவாத்தாள் சும்மா இருப்பாளா? "அக்கா, நீ உருட்டுற பத்தி இன்னிக்கு ஒண்ணுகூட நேரா இல்ல" என்கிறாள். உண்மைதான்.

அவர் ஆரம்பித்த ஊதுபத்தித் தொழில் இது. பதிவும் அவர் பேரில். மின்வேலைக்கு அவர் மஸ்கட் போனதிலிருந்து நான்தான் பார்க்கிறேன். பெங்களூரில் இருக்கும் ஏற்றுமதிக்காரர் மொத்தமாக வாங்கி வளைகுடாவுக்கு அனுப்புகிறார். என் கை பட்ட பத்தி அவர் இருக்கும் ஊருக்குப் போகிறது. நான் போனதில்லை.

செப்டம்பர் 24

சூரத்தில் பிளேக். பேப்பர் முழுக்க அதுதான். ஊரே ரயில் ஏறி ஓடுகிறதாம். இங்கேயும் மருந்துக் கடைகளில் மாத்திரைக்குக் கூட்டம். தேவம்மா முந்தானையை மூக்கில் கட்டிக்கொண்டு வேலைக்கு வந்தாள். கரித்தூளுக்கு ஒருநாளும் கட்டாதவள்.

சூரத் எங்கே, மைசூர் எங்கே.

செப்டம்பர் 28

தெருமுனை பூத்துக்குப் பெங்களூர் ஏற்றுமதிக்காரரிடமிருந்து போன். பிளேக் பயத்தில் இந்தியச் சரக்கை வளைகுடாவில் இறக்க விடமாட்டார்களாம். "அனுப்பாதீங்கம்மா, நான் சொல்ற வரைக்கும்." எப்போது சொல்வீர்கள் என்று கேட்டேன். அவருக்கே தெரியாது.

கொட்டகையில் அட்டைப்பெட்டிகள் கூரையைத் தொடுகின்றன. மழை வேறு.

செப்டம்பர் 29

விமானங்களையும் நிறுத்திவிட்டார்கள். போவது என் பத்தி, வரவேண்டியது அவர். இரண்டுக்கும் வழி அடைபட்டது.

அக்டோபர் 1 – சனி

தெருமுனையில் லிங்கப்பனின் டெலிபோன் பூத். சனிக்கிழமைதோறும் நான்கு மணிக்கு அவர் மஸ்கட்டிலிருந்து அங்கேதான் கூப்பிடுவார். மூன்று மணிக்கே போய் உட்கார்ந்துவிட்டேன்.

"பாக்கியம், பிளேன் இல்ல புள்ள."

"தெரியுமுங்க."

"இங்க எங்களப் பாத்தாலே ஒதுங்கிப் போறாங்க. நம்ம ஊருப் பேப்பரத் தொடவே பயப்படறாங்க."

"சாப்படறீங்களா?"

"ம். அழுவாத."

நான் அழவில்லை. அவர்தான் மூக்கை உறிஞ்சினார். சரக்கு தேங்கியதைச் சொல்லவில்லை. மூன்று நிமிஷத்தில் எதைச் சொல்வது?

வீட்டுக்கு வந்ததும் காவேரி, "அப்பா பர்த்தாரா?" என்று கேட்டாள். வருவாரா என்பதைக் கன்னடத்தில்தான் கேட்க வருகிறது அவளுக்கு. வருவார், எப்போது என்று தெரியாது என்றேன்.

அக்டோபர் 3

பெண்களை வரவேண்டாம் என்று சொல்ல வேண்டிய நாள். சொல்ல வாய் வரவில்லை. லிங்கப்பன் கன்னடப் பேப்பரோடு வந்தார். அதில் அரசு அறிவிப்பு: நோய்ப் பயத்தால் சரக்கு தேங்கிய சிறு தொழில்காரர்களுக்குத் தசரா பொருட்காட்சியில் வாடகை இல்லாமல் கடை. வங்கித் தவணைக்கு ஆறு மாதம் அவகாசம். ஏழாம் தேதிக்குள் மனு கொடுக்க வேண்டும். "போய்ப் பாரும்மா. உனக்குன்னே போட்ட மாதிரி இருக்கு" என்றார்.

அக்டோபர் 4 – செவ்வாய்

இன்று அவர் விமானம் ஏறியிருக்க வேண்டும்.

தொழில் அலுவலகத்துக்குப் போனேன். ரவிக்குமார் என்று ஒரு அதிகாரி, சின்ன வயது, பொறுமையாகப் பேசுகிறார். எனக்காகத் தமிழில். தாள்களை எல்லாம் பார்த்துவிட்டு, "ஜடையன் யாரு?" என்றார்.

"என் வீட்டுக்காரருங்க."

"அவர் சைன் பேக்கு, வேணும். ஓனர் கையெழுத்து இல்லாம ஆகல்ல அம்மா."

"மஸ்கட்ல இருக்காருங்க. நாந்தான் மூணு வருஷமா நடத்துறேன்."

"நீங்க நடத்துறது எனக்குத் தெரியுது. பேப்பருக்குத் தெரியணுமே."

கடிதம் போட்டு வாங்கலாம் என்றால் தபாலும் அந்த விமானத்தில்தான் போகவேண்டும்.

மாலையில் பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் அவர் கையெழுத்தைப் போட்டுப் பார்த்தேன். 'ஜ'வின் வளைவு, கடைசியில் இழுக்கும் கோடு, அப்படியே வந்தது. எத்தனை கடிதத்தில் பார்த்திருக்கிறேன். மனுவில் போட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. போடவில்லை. பயத்தால் இல்லை. அவர் பேரை எழுதும்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. அந்த நேரத்தில் திருட்டு வேலை செய்ய மனசு வரவில்லை. கிழித்துப் போட்டேன்.

அக்டோபர் 5

பூவாத்தாளிடம் சொன்னேன். "பதிவ உன் பேருக்கு மாத்திக்கறது. இதுல என்ன?" என்றாள், குச்சியை உருட்டிக்கொண்டே. இதில் என்ன? எனக்கு அது அவரை வீட்டை விட்டு அனுப்புகிற மாதிரி இருக்கிறது. அதை அவளிடம் சொல்லவில்லை.

ரவிக்குமாரிடம் மறுபடி போனேன். உரிமையாளர் சம்மதக் கடிதம் ஃபேக்ஸில் வந்தால் போதும். நான் இங்கே நடத்துவதற்கு அக்கம்பக்கம் சாட்சி வேண்டும். அப்படியானால் மேலே அனுப்பிப் பார்க்கிறேன் என்றார். லிங்கப்பன் பூத்தில் போன மாதம்தான் ஃபேக்ஸ் மெஷின் வந்தது. மஸ்கட் கம்பெனி நம்பருக்கு லிங்கப்பனே போட்டுப் பேசி விஷயத்தைச் சொன்னார். பிறகு ஒரு வெள்ளைத்தாளை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினார். மாவு மில்லில் குப்புசாமி, தையல்காரர், பால் டிப்போக்காரி, தினமும் எங்கள் தெருவழியே நடக்கும் பென்ஷன்காரர் ஒருவர் – இருபத்தாறு கையெழுத்து. எங்கள் பெண்கள் எட்டுப் பேரில் மூன்று பேர் கைநாட்டு. இந்தத் தெருவில் என்னை இத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்தார்களா?

அக்டோபர் 6

ஃபேக்ஸ் வந்தது. மழமழப்பான தாளில் அவர் கையெழுத்து. மேலே கன்னடத்தில் சம்மதம்: என் மனைவி பாக்கியலட்சுமிக்கு இந்தத் தொழிலை நடத்தவும் கையொப்பமிடவும் முழு அதிகாரம் அளிக்கிறேன். கீழே, இடம் மிச்சம் இருந்ததால், தமிழில் ஒரு வரி.

அலுவலகத்தில் ரவிக்குமார் அந்த வரியில் விரல் வைத்து, "இது என்ன?" என்றார்.

"அது... வீட்டு விஷயமுங்க."

அவர் ஸ்கேலை வைத்து அந்த ஒரு வரியை மட்டும் அளவாகக் கிழித்து என்னிடம் தந்தார். "இது ஃபைலுக்கு வேண்டாம்."

'ஊருக்கு வரக் கட்டிய பெட்டியை இன்னும் பிரிக்கவில்லை' என்று எழுதியிருந்தார்.

அக்டோபர் 9

பொருட்காட்சியில் கடை கிடைத்தது. மூலையில், சின்னது.

அக்டோபர் 14 – வெள்ளி, விஜயதசமி

ஊர்வலம் போனது. எப்போதும் இருக்கும் கூட்டத்தில் பாதி இல்லை, வடக்கத்திக்காரர்கள் வரவேயில்லை. மதியம் வரை பொருட்காட்சிக் கடையில் ஈ ஓட்டினோம். பிறகு தேவம்மாதான் நாலு பத்தியைக் கொளுத்தி வாசலில் வைத்தாள். வாசனை பிடித்துக்கொண்டு ஆட்கள் திரும்பினார்கள். இதுவரை இந்த ஊர்க்காரர் யாரும் என் பத்தியை முகர்ந்ததில்லை என்பது இன்றுதான் உறைத்தது. எல்லாம் கடல் தாண்டியல்லவா போனது?

ஜோடி ஜோடியாக வருகிறார்கள். பெண் முகர்ந்து பார்த்துவிட்டுப் புருஷன் மூக்கருகில் நீட்டுகிறாள். நன்றாக இருக்கிறதா என்று கேட்கிறாள். பார்க்காமல் இருக்க முடியவில்லை.

அக்டோபர் 20

நஞ்சன்கூட்டில் கோயில் பக்கம் பூஜைக் கடை வைத்திருக்கும் செல்லக்கண்ணு என்பவர் இரண்டாவது முறை வந்தார். மாதாமாதம் வேண்டும் என்கிறார். பெண்கள் யாரையும் நிறுத்த வேண்டியதில்லை. எட்டுப் பேரும் இருக்கலாம்.

அக்டோபர் 29 – சனி

விமானம் விட ஆரம்பித்துவிட்டார்கள். நாலு மணிக்குப் புதுப்புடவை கட்டிக்கொண்டு பூத்துக்குப் போனேன்.

அவருடைய லீவை வேறு ஒருவனுக்குக் கொடுத்துவிட்டார்களாம். இனி மே மாதம்தான். "என்ன பாக்கியம், இருந்துக்குவியா?" என்றார்.

"சரீங்க" என்றேன்.

ஏன் சரின்னேன்? முடியாதுன்னு சொல்ல வாய் இல்லையா எனக்கு? ஆபீசுல போயி அத்தன பேசத் தெரியுது, தெருவே கையெழுத்துப் போடுது, இவர்கிட்ட வாங்கன்னு ஒரு வார்த்த சொல்ல வரல. நல்லா நடத்துறேன்னு காட்டிக்காட்டி, தான் இல்லாமலும் நடக்கும்னு அவரே நெனச்சுட்டாரோ – 

புடவையை மடித்து வைத்தேன்.

நவம்பர் 5

இன்று சொன்னேன். "மே மாசம் வந்தா திரும்பிப் போகாதீங்க." அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று, "ஏனுங்க, கேக்குதா?" என்றேன். "கேக்குது" என்றார். மூன்று நிமிஷம் முடிந்தது.

டிசம்பர் 12

போன மாதம் அந்த ஃபேக்ஸை வைத்தே மனு கொடுத்து மாற்றிய பதிவுச் சான்றிதழ் வந்தது. உரிமையாளர்: பாக்கியலட்சுமி. பங்குதாரர்: ஜடையன். ரவிக்குமார் கையில் கொடுக்கும்போது எழுந்து நின்று கொடுத்தார். சந்தோஷம்தான். காட்ட ஆள் இல்லாத சந்தோஷம்.

பிப்ரவரி 3, 1995

பெங்களூர்க்காரர் மறுபடி சரக்குக் கேட்கிறார். பாதிதான் தருவேன் என்றேன். மீதி இந்த ஊருக்கு.

ஏப்ரல் 1

அவரிடமிருந்து கடிதம். நான் கேட்டதற்குப் பதில் இல்லை. வருவது மே ஒன்பது, திரும்புவது ஜூன் இருபத்தொன்று என்று இரண்டு தேதிகள் மட்டும். இரண்டாவது தேதியை எதற்கு எழுதினார்?

மே 9

வந்துவிட்டார். அவ்வளவு உயரமில்லை. எழுத நேரமில்லை.

மே 21

விடியுமுன் எழுந்து உட்கார்ந்துவிடுகிறார். எங்கே எதை வைத்திருக்கிறேன் என்று தெரியாமல் விருந்தாளி மாதிரி கேட்டுக் கேட்டு எடுக்கிறார். காவேரி கன்னடத்தில் பேசினால் இவர் தமிழில் பதில் சொல்கிறார்; இருவரும் ஒருவரை ஒருவர் மெதுவாகப் பார்த்துக்கொள்கிறார்கள். வீட்டுக்குள் இருக்கும்போதும் இவருக்காக ஏங்க முடியுமா? முடிகிறது.

சுவரில் மாட்டிய சான்றிதழை வெகுநேரம் படித்தார். "எம் பேரு ரெண்டாவதாயிருச்சா?"

"ஆமாங்க."

"எழுத்து நல்லாத்தான் இருக்குது" என்றார். சிரித்தாரா என்று பார்ப்பதற்குள் கொட்டகைக்குப் போய்விட்டார்.

ஜூன் 8

பூவாத்தாள் அவரைப் பத்திப் பெட்டி ஒட்ட உட்கார வைத்துவிட்டாள். கோணலாக ஒட்டியதைத் திரும்பப் பிரிக்கச் சொல்கிறாள். பிரித்தார்.

நான் எதுவும் கேட்கவில்லை. கேட்டாயிற்று ஒரு தடவை.

ஜூன் 22 – வியாழன்

நேற்று அவர் பம்பாயில் விமானம் ஏறவேண்டிய நாள். பகல் முழுக்கப் பெட்டி ஒட்டினார். காவேரி மட்டும் காலண்டரைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், பள்ளிக்கூடம் போனாள்.

இன்று காலை செல்லக்கண்ணு கடைக்குச் சரக்கு எடுத்துக்கொண்டு ரயிலில் நஞ்சன்கூடு போயிருக்கிறார். சாயங்காலம் வந்துவிடுவார். இப்போது மணி நாலரை. வாசலுக்கு இரண்டு தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.